மேளத்தோடு கடல் தாண்டுகிறவர்களுக்கு: வீட்டு மெட்டைக் கொண்டுபோகும் வழி

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், அலங்காநல்லூர் பக்கம் எனக்குத் தெரிந்த மேள வீடுகளில் கடல் தாண்டிப் போன ஓர் ஆளாவது இருக்கிறார். மலேசியாவில் கோவில் வேலை, சிங்கப்பூரில் திருவிழா, லண்டனிலும் டொராண்டோவிலும் கல்யாண சீசன் என்று அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது. போகிறவர்கள் விசா, டிக்கெட் விஷயத்தில் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள். தாத்தா வாசித்த உருப்படிகளை மட்டும் "அது எங்க போகப்போகுது, கையிலதான இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். கையில் இருப்பது உண்மைதான். ஆனால் நாயனம் (நாதஸ்வரம்), தவில், பம்பை, உறுமி சேர்ந்த நையாண்டி மேளத்து மெட்டு சடங்கோடு ஒட்டிக்கொண்டிருப்பது. கரகம் இல்லாத, சாமியாட்டம் இல்லாத ஊரில் இரண்டு வருடம் சினிமாப் பாட்டும் கெட்டிமேளமும் மட்டும் வாசித்தால் கை அதற்கே பழகிவிடும். அதனால் புறப்படும் முன் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அங்கே போய்ச் செய்யவேண்டியது அதைவிடக் குறைவு.

முதல் வேலை: மெட்டைச் சேர்ப்பது

விசா வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அழைப்பு வந்த அன்றே ஆரம்பியுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் பெரியவர்கள் கையில் சிக்கமாட்டார்கள்; சிக்கினாலும் உதடு வீங்கிப்போய் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி நல்ல மாதங்கள்.

பெரியவர் எதிரே போனை வைத்துவிட்டு "உங்களுக்குத் தெரிஞ்ச மெட்டெல்லாம் வாசிங்க" என்றால் நாலு உருப்படியோடு நிறுத்திவிடுவார். அவர் மனசில் மெட்டு பட்டியலாக இல்லை, வேளையாக இருக்கிறது. வேளையைச் சொல்லிக் கேளுங்கள்.

"மாமா, ஆத்துல கரகம் ஜோடிச்சு எடுக்கையில என்ன வாசிப்பீங்க?"

"அதுக்கென்னடா, கரகத்து அடிதான்."

"மேடு ஏறும்போதும் அதேதானா?"

"மேடேறுறப்ப மாத்தணும்ல. தலையில கரகம் கனக்கும். நீ இழுத்து வாசிச்சா எடுக்குறவனுக்குக் காலு வராது. குறுக்கி வாசிக்கணும்."

அந்தக் "குறுக்கி வாசிப்பது" எப்படி என்று வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தால் போதும், அன்றைக்கு உட்கார்ந்தது வீண் போகவில்லை. இதே மாதிரி ஒவ்வொரு வேளையாகப் போங்கள். தாய்மாமன் சீர் தெருவில் வரும்போது, சீர்த் தட்டு வாசலில் இறங்கும்போது, முளைப்பாரி தூக்கும்போது, கும்மிக்கு, கிடா வெட்டுக்கு, சாமி இறங்க, சாமி மலையேற. சாவு வீட்டு மெட்டுகளையும் விடாதீர்கள். நீர்மாலைக்கு (குளிப்பாட்ட நீர் எடுத்து வர) ஒன்று, பாடை எடுக்க ஒன்று என்று இருக்கும். வெளிநாட்டில் யார் கேட்பார்கள் என்று பலர் இதைத் தவிர்க்கிறார்கள். வயதான தமிழர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், அங்கேயும் சாவு வரும், அப்போது ஊர் மேளம் வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பதிவு செய்வதைப் பற்றி. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நாயனத்துக்கு எட்டு, பத்து அடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் சத்தம் உடைந்து கரகரக்கும். ஒரு மெட்டுக்கு ஒரு கோப்பு. ஆரம்பத்தில் தேதி, ஊர், வாசிப்பவர் பெயர், என்ன வேளைக்கு, சுருதி எத்தனை கட்டை என்று வாயால் சொல்லிவிடுங்கள். பின்னால் நூறு கோப்பு சேர்ந்ததும் இதன் அருமை தெரியும்.

ஒவ்வொரு மெட்டையும் மூன்று விதமாக வாங்குங்கள். முதலில் வாயால் பாடச் சொல்லுங்கள். அடுத்து நாயனம் மட்டும், நிதானமாக, ஒத்து (விடாமல் பிடிக்கும் சுருதி) வைத்து. அப்புறம் எல்லா வாத்தியமும் சேர்ந்த செட்டோடு. செட்டோடு வாசிக்கும் பதிவை மட்டும் வைத்துக்கொண்டால் பம்பைச் சத்தத்தில் உறுமி காணாமல் போகும். உறுமிக்காரரைத் தனியாக உட்காரவைத்து, அவர் கழியை உரசுவதை ஒரு தடவை வீடியோ எடுங்கள். தவிலுக்குச் சொற்கட்டை, அதாவது அடிகளைக் குறிக்கும் சொற்களை, வாயால் சொல்லச் சொல்லி, பிறகு அதையே வாசிக்கச் சொல்லுங்கள். நாயனக்காரரின் விரல்களையும் வீடியோ எடுக்கவேண்டும். ஏழு துளையில் பாதி திறந்து, கால் திறந்து, மூச்சைக் கூட்டிக் குறைத்து வருகிற அசைவை ஸ்வரம் எழுதிப் பிடிக்க முடியாது. ஸ்வரம் எழுதுவது வேண்டாம் என்று சொல்லவில்லை. பசுமலை இசைக் கல்லூரியில் படித்த தம்பி யாராவது இருந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். அது எலும்பு மாதிரி, அவ்வளவுதான்.

இன்னொன்று, வார்த்தை. தெம்மாங்கு, கும்மி, அழகர் வர்ணிப்பு என்று நம் மெட்டுகளில் பாதிக்கு அடியில் பாட்டு இருக்கிறது. வாசிக்கிறவருக்கு முதல் இரண்டு வரிக்கு மேல் ஞாபகம் இருக்காது. அப்பத்தாவிடம், அத்தையிடம் கேளுங்கள். மேளத்தைக் கையால் தொடாதவர்கள் என்று அவர்களை யாரும் கேட்பதே இல்லை. பாட்டு முழுக்க அவர்களிடம்தான் இருக்கிறது. வார்த்தை தெரிந்தால் எங்கே மூச்சு வாங்கவேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

சாமி அழைக்கிற அடிகளில் கொஞ்சம் கவனம். கருப்பனுக்கு ஓர் அடி, முனியாண்டிக்கு ஓர் அடி என்று கோவில் வாரியாக இருக்கும். சில வீடுகளில் அதைக் கோவிலுக்கு வெளியே வாசிக்கமாட்டார்கள், பதிவும் கூடாது என்பார்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அனுமதி தந்தாலும் யூடியூபில் ஏற்றுவதற்குத் தனியாக ஒரு தடவை கேளுங்கள். மனப்பாடமாக மட்டும் கொண்டுபோ என்றால் மனப்பாடமாகவே கொண்டுபோங்கள்.

பதிவுகளை இரண்டு பென் டிரைவில் போட்டு ஒன்றை ஊரில் தங்கச்சியிடமோ மச்சானிடமோ கொடுங்கள், ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்திலும் ஒரு படி இருக்கட்டும். தாத்தாவின் நோட்டு இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு நோட்டை வீட்டிலேயே வையுங்கள். 75 வருடத்துக்கு மேற்பட்ட, கலை, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகள் 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். மற்ற பொருள்களுக்கு 100 வருடம் கணக்கு. கொள்ளுத்தாத்தா நாயனத்தைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற நினைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கும் வழி இருக்கிறது. என் யோசனை, பழையதை வீட்டில் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வது.

தாள்கள்

இது சுருக்கமாக. சுற்றுலா விசாவில் போய் வாசிக்காதீர்கள், அழைக்கிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி. மாட்டினால் நாயனம் அங்கேயே நிற்கும், நீங்கள் மட்டும் திரும்புவீர்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும். அப்படியானால் மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் குடிபெயர்வு அனுமதி வாங்கவேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஏஜென்ட் மூலம் போகிறீர்கள் என்றால் அவருடைய பதிவு எண் அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாக்கு வைத்து அழைத்தார்கள், வார்த்தை மாறமாட்டார்கள் என்பதெல்லாம் உள்ளூருக்குச் சரி. வெளிநாட்டுக்குச் சம்பளம், தங்குமிடம், சாப்பாடு, விடுமுறை, திரும்பும் டிக்கெட் எல்லாம் எழுத்தில் வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை வேளை வாசிப்பு, வெளிக் கல்யாணத்துக்கு வாசித்தால் அந்தப் பணம் யாருக்கு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தகராறு பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தில்தான் வரும். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள்.

கலைஞர் என்பதற்குச் சான்று கேட்பார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை, கலை பண்பாட்டுத் துறையின் சான்று, திருவிழா நோட்டீஸ்களில் உங்கள் பெயர் இருக்கும் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். நோட்டீஸைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கும் வீடு பிழைத்தது.

வாத்தியத்தைக் கட்டுவது

ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். பொருள், என்ன மரம், என்ன தோல், எப்போது செய்தது, என்ன விலை. நாயனம் என்றால் ஆச்சா மரம். தவில் என்றால் பலாக் கட்டை, ஆட்டுத்தோல், எருமைத்தோல். ஒவ்வொன்றுக்கும் படம். இந்தப் பட்டியலோடு புறப்படும் விமான நிலையத்துச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பி வரும்போது "இது எங்க வாங்கினது, வரி கட்டு" என்ற பேச்சு வராது.

கொண்டுபோகக் கூடாதவை சில. நாயனத்தோடு, ஊதும் நாணல் துண்டான சீவாளியைச் சுத்தம் செய்யத் தொங்கும் ஊசி பழைய வீடுகளில் தந்தத்தில் இருக்கும். கழற்றி வீட்டில் வையுங்கள், தந்தம் எந்த நாட்டு எல்லையிலும் வம்பு. கஞ்சிரா உடும்புத்தோலாக இருந்தால் அதுவும் கூடாது. உடும்பு 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. ஆட்டுத்தோலிலோ செயற்கைத் தோலிலோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காவடி, மயிலாட்டம் செட்டோடு போகிறவர்களுக்கு: மயில் தோகை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. நம்மூரில் சாலை ஓரத்தில் விற்கிறார்களே என்று கேட்காதீர்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மரம், தோல், சீவாளி என்று எல்லாவற்றையும் வருகை அட்டையில் எழுதிவிடவேண்டும். சீவாளியும் நாணல்தான், தாவரப் பொருள் கணக்கில் வரும். எழுதிக் காட்டினால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது மருந்தடித்துக் கொடுப்பார்கள். எழுதாமல் மாட்டினால் அபராதம். தோலில் முடி ஒட்டியிருக்கக் கூடாது, மரத்தில் பூச்சித் துளை இருக்கக் கூடாது, பை அடியில் மண்ணோ அரிசியோ சிந்திக் கிடக்கக் கூடாது. பையைக் கவிழ்த்துத் தட்டுங்கள்; திருவிழாப் பூ காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.

விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் பெட்டிக்குப் பல நிறுவனங்கள் 55 செ.மீ. நீளம்தான் அனுமதிக்கின்றன. நீளமான பாரி நாயனம், அடியில் இருக்கும் அணசு என்கிற புனல் வாயைக் கழற்றினாலும் அதற்குள் அடங்காது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே போடத்தான் வேண்டும் என்றால் கெட்டிப் பெட்டி, உள்ளே பழைய வேட்டி சுற்றி. சீவாளிகள் மட்டும் எப்போதும் கைப்பையில். சின்ன டப்பாவில், ஒன்றோடொன்று உரசாமல். போன இடத்தில் நாயனம் கடன் கிடைக்கும், உங்கள் உதட்டுக்குப் பழகிய சீவாளி கிடைக்காது. திருவாவடுதுறைப் பக்கம் கட்டுகிறவரிடம் ஒரு வருடத்துக்குத் தேவையானதை வாங்கி, ஊரிலேயே வாசித்துப் பார்த்து, நல்லதைப் பொறுக்கிக் கொண்டுபோங்கள்.

தவில்காரர்கள் ஏறும் முன் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். ஸ்பானரும் ஜால்ராவும் கீழே போடும் பெட்டியில் போகட்டும். விரலில் மாட்டும் கூடு செய்யத் துணி நாடா நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், பசைக்கு மைதா எங்கும் கிடைக்கும். மாற்றுத் தோல் ஒரு ஜோடியாவது வேண்டும்.

இறங்கிய பிறகு

குளிர் நாட்டில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். காற்று ஈரமில்லாமல் இருக்கும். தோல் விறைத்து சுருதி ஏறும், மரம் வெடிக்கும். வாத்தியத்தை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். வெளியே ஊர்வலத்துக்குப் போய்க் குளிரில் நின்று உள்ளே வந்ததும் உடனே வாசிக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் நேர்மாறு: ஈரத்தில் தோல் தொய்யும். பறை அடிக்கிறவர்கள் தீ மூட்டிக் காய்ச்சமுடியாது, மண்டபத்தில் அலாரம் அடித்துவிடும். அங்கே செயற்கைத் தோல் போட்ட பறையும் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. நாதம் அதே நாதம் இல்லை; வேலைக்கு ஆகும்.

அடுக்குமாடி வீட்டில் நாயனம் எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடுவார். சாதகத்துக்குக் கோவில் மண்டபத்தைக் கேளுங்கள், நடை சாத்திய நேரத்தில். தவிலுக்குத் தலையணையில் கழி போட்டு, சொற்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே பழகலாம்.

ஊர்வலத்துக்கு எந்த நாட்டிலும் விதி இருக்கிறது. சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973 முதல் தடை இருந்தது. 2016-இல்தான் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது, பிறகு மேலும் தளர்த்தினார்கள். எங்கே ஆரம்பிக்கலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்று கோவில் நிர்வாகத்திடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நடுரோட்டில் வாத்தியத்தை இறக்கச் சொன்னால் மனசு கெட்டுப்போகும்.

பிறகு நேரம். ஊரில் விடிய விடிய வாசிப்பது அங்கே இருபது நிமிடம். கோவிலைச் சுற்றி, கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி, முடிந்தது. இதற்கு மெட்டை வேகமாக ஓட்டாதீர்கள். எடுப்பை முழுதாக வாசியுங்கள், நடுவில் சுற்றிச் சுற்றி வருவதைக் குறையுங்கள், முடிப்பை முழுதாக வாசியுங்கள். ஐந்து மெட்டைக் கிள்ளிக் கிள்ளிப் போடுவதைவிட இரண்டு மெட்டு ஒழுங்காக வாசித்தால் கேட்கிறவர்களுக்கு ஊர் ஞாபகம் வரும். எந்த இருபது நிமிடத்துக்கு எது என்று ஊரிலேயே மாமாவோடு உட்கார்ந்து கட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. எதை வெட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று அவருக்குத்தான் தெரியும்.

கீபோர்டு, டிரம்ஸ் வாசிக்கிற பையன்கள் கூடச் சேர்ந்து வாசிக்கச் சொல்வார்கள். கட்டைக் கணக்கு அவர்களுக்குப் புரியாது. நம் ஒரு கட்டை அவர்களுக்கு 'சி', இரண்டு கட்டை 'டி', இரண்டரைக் கட்டை 'டி ஷார்ப்'. இதை மட்டும் சொன்னால் பாதி வேலை முடிந்தது. மீதி, அவர்களைத் தவிலைக் கேட்டு வாசிக்கச் சொல்வது. அது லேசில் நடக்காது.

அங்கே இருப்பவர்களின் காது

மதுரைக்காரன் வந்தால்தான் மேளம் என்ற நினைப்பைச் சுங்கத்திலேயே விட்டுவிடுங்கள். மலேசியாவில் உறுமி மேளம் வாலிபப் பிள்ளைகள் கையில் இருக்கிறது. பத்துமலைக்குத் தைப்பூசத்தில் போய்ப் பாருங்கள். அவர்கள் அடி வேறு, வேகம் வேறு. தோட்டத்துக்கு வேலைக்குப் போன தாத்தாக்கள் கொண்டுபோனது அங்கேயே வளர்ந்து நிற்கிறது. அவர்களிடம் பழைய மெட்டு ஏதாவது இருந்தால் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நம்மிடம் இல்லாமல் போனது அங்கே இருக்கலாம்.

லண்டன், டொராண்டோவில் கல்யாணத்துக்கு அழைக்கிறவர்களில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைய. அவர்கள் அளவெட்டி பத்மநாதன் நாதஸ்வரத்தையும் தட்சிணாமூர்த்தி தவிலையும் கேட்டு வளர்ந்த காது. ராகம் எதிர்பார்ப்பார்கள், தனி ஆவர்த்தனம் எதிர்பார்ப்பார்கள். முன்கூட்டியே "அண்ணை, தாலி கட்டுக்கு முன்னம் என்ன வாசிக்கிறது வழக்கம்?" என்று கேட்டுவிடுங்கள். அவர்கள் சடங்கு வரிசையும் நம்முடையது அல்ல. கெட்டிமேளத்துக்கு யார் கை காட்டுவது என்பதையும் ஐயரோடு பேசிவிடுங்கள். மண்டபத்தில் வீடியோகாரர் கை காட்டி மேளம் ஆரம்பித்த கதையெல்லாம் இருக்கிறது.

நம் நாட்டுப்புற மெட்டுக்கு இடம் எங்கே என்று கேட்டால், சீர் வரிசை வரும்போது, மாப்பிள்ளை அழைப்பில், சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேரத்தில் ஒரு தெம்மாங்கு எடுத்தால் யாழ்ப்பாணம், மதுரை, கோயம்புத்தூர் என்று பார்க்காமல் எல்லார் காலும் ஆடும்.

பிள்ளைகளுக்கு

அங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்பார்கள், உங்கள் பிள்ளைகளே இருக்கலாம். நாயனத்தைக் கையில் கொடுத்து ஆரம்பிக்காதீர்கள், ஊதமுடியாமல் ஒரே மாதத்தில் ஓடிவிடும். முதலில் ஜால்ரா. தாளத்தை விடாமல் பிடித்தால் அப்புறம் பாட்டு, வார்த்தையோடு. அப்பத்தா பாடிய பதிவைப் போடுங்கள். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையும் பத்து தடவை கேட்டால் பாடும். பாட ஆரம்பித்தபின் வாத்தியம் எதுவாக இருந்தாலும் வரும். பள்ளிக்கூடத்தில் வயலின் படிக்கிற பிள்ளை அதிலேயே கும்மிப் பாட்டை வாசித்தாலும் தடுக்காதீர்கள். மெட்டு போய்ச் சேர்ந்தால் சரி.

ஊரோடு தொடர்பு

மாதம் ஒரு தடவையாவது நீங்கள் வாசித்ததைப் பதிவு செய்து மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பாராட்டமாட்டார். "ரெண்டாவது சுத்துல ஏன் அவசரம்?" என்று ஒரு குரல் பதிவு வரும். அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மெட்டு எங்கே வழுக்குகிறது என்பது தனியாக வாசிக்கிறவருக்குத் தெரியாது.

விடுமுறையைச் சித்திரைக்கு எடுப்பது எல்லாருக்கும் ஆசை. அழகரை மதுரையில் எதிர்கொள்ளும் எதிர்சேவைக்கு நிற்கலாம், அண்ணன் செட்டில் ஒரு நாள் சேர்ந்து வாசிக்கலாம். ஆனால் தோல் மாற்றவும் நாயனம் சரிபார்க்கவும் அந்த மாதத்தில் ஆள் கிடைக்காது. பங்குனி பிறந்தாலே தோல் கட்டுகிறவர் வீட்டில் வரிசை நிற்கும். வரும் தேதியைத் தை மாதமே சொல்லிவைத்து, முன்பணமும் அனுப்பிவிடுங்கள். தோல் கட்டி இரண்டு நாளாவது வாசித்துப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். புதுத் தோல் முதல் வாரத்தில் இறங்கும், அதை இங்கேயே இழுத்துக் கட்டிக்கொள்வது சுலபம்.